சதுர அடிக்கு ஐந்து ரூபாய்: பேகூர் வீடுகளும் தாமதத்தின் விலையும்

சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய். வீட்டை ஒப்படைக்கத் தாமதமானால் பில்டர் தரவேண்டிய தொகை இவ்வளவுதான் என்று ஒப்பந்தத்தின் 14-ஆம் பிரிவு சொன்னது. கையெழுத்துப் போடும் நாளில் யாரும் அந்த வரியில் நின்று யோசித்திருக்க மாட்டார்கள். தாமதமாகும் என்று நினைத்துக்கொண்டு யார் வீடு வாங்குகிறார்கள்? பெங்களூருவின் தெற்கே பேகூரில் அப்படிக் கையெழுத்திட்டவர்களில் 339 பேர் பிறகு அந்த ஐந்து ரூபாயை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2020 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பு வந்தது. 2019-ஆம் ஆண்டின் 6239-ஆம் எண் சிவில் மேல்முறையீடு. நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், கே.எம். ஜோசப். எதிர்த்தரப்பில் டிஎல்எஃப் சதர்ன் ஹோம்ஸ், கூடவே அனபெல் பில்டர்ஸ்.

சொன்ன தேதியில் குடியேற முடியாத எவருக்கும் இந்த வழக்கு பாடப்புத்தகம் மாதிரி. ஏறக்குறைய எல்லாச் சிக்கலும் இதில் இருக்கிறது: காலதாமதம், ஒருபக்க ஒப்பந்தம், விளம்பரத்தில் இருந்து தரையில் இல்லாமல் போன வசதிகள், சாவி வாங்கும்போது நீட்டப்படும் காகிதம்.

திட்டத்தின் பெயர் வெஸ்ட்எண்ட் ஹைட்ஸ். 27.5 ஏக்கரில் 19 கோபுரங்கள், ஒவ்வொன்றிலும் ஸ்டில்ட் தளத்துக்கு மேல் 18 மாடி, மொத்தம் 1,980 வீடுகள். ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து 36 மாதத்தில் வீடு கைக்கு வரும் என்பது வாக்குறுதி. வரவில்லை. ஆண்டுக்கணக்கில் இழுத்தது, ஏறத்தாழ இரண்டிலிருந்து நான்கு ஆண்டு வரை.

இந்த இடைவெளியில் ஒரு குடும்பத்தின் மாதாந்திரக் கணக்கு எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். புது வீட்டுக்கு இஎம்ஐ ஓடத் தொடங்கிவிடும், பழைய வீட்டுக்கு வாடகையும் போய்க்கொண்டே இருக்கும். பிள்ளையின் பள்ளியைப் புது வீட்டுப் பக்கம் பார்ப்பதா, இப்போதிருக்கும் இடத்திலேயே விடுவதா என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு குழப்பம். ஊரிலிருந்து பெற்றோரைக் கூட்டிவருவது தள்ளிப்போகும். வாடகை வீட்டுக்காரர் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை வாடகையை ஏற்றுவார். "எப்போ பால் காய்ச்சப் போறீங்க?" என்று கேட்பவர்களுக்குச் சொல்லப் பதில் இருக்காது.

தீர்ப்பும் இதைக் கவனித்தது. கிடைக்கப்போகும் வீட்டை நம்பித்தான் மக்கள் தங்கள் வாழ்க்கையின் அடுத்த கட்டங்களைத் திட்டமிடுகிறார்கள். ஆண்டுக்கணக்கான தாமதம் அந்த நியாயமான எதிர்பார்ப்பையே முறிக்கிறது என்றது நீதிமன்றம்.

ஆனால் முதலில் கிடைத்தது தோல்விதான். தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2019 ஜூலை 2-இல் புகாரைத் தள்ளுபடி செய்தது. தாமதத்துக்கு என்ன தரவேண்டும் என்று நீங்களே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கிறீர்கள், அதற்கு மேல் கேட்க முடியாது என்பது ஆணையத்தின் நிலை.

இந்த வாதத்தை ஒரேயடியாக முட்டாள்தனம் என்று ஒதுக்க முடியாது. இழப்பீடு இவ்வளவு என்று இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதிவைத்தால், பிறகு அதைத் தாண்டிக் கேட்கக்கூடாது என்பது ஒப்பந்தச் சட்டத்தில் பழகிய வழி. வியாபாரிகள் இருவருக்கு இடையே அது நியாயமும்கூட. இங்கே அது ஏன் நியாயமில்லை என்பதைப் புரிந்துகொள்ளக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கீழே வருவது நான் போடும் மாதிரிக் கணக்கு. தீர்ப்பில் உள்ளது அல்ல. 1,500 சதுர அடி வீடு, கட்டிய பணம் 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சதுர அடிக்கு 5 ரூபாய் என்றால் மாதம் 7,500. ஆண்டுக்கு 90,000. அறுபது லட்சத்துக்கு அது ஒன்றரை சதவீதம். சேமிப்புக் கணக்கில் சும்மா போட்டு வைத்திருந்தாலே அதைவிடக் கூடுதலாகக் கிடைத்திருக்கும். அதே அளவு வீட்டுக்குப் பெங்களூருவில் கொடுக்கும் வாடகையில் பாதிகூடத் தேறுமா என்பது சந்தேகம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கட்டி முடிக்காத வீட்டுக்கு வாங்குபவர் கட்டிய லட்சங்கள் பில்டர் கையில் இருக்கின்றன. அதே பணத்தை அவர் வங்கியில் கடனாக வாங்கினால் பத்து, பன்னிரண்டு சதவீதம் வட்டி கட்ட வேண்டும். ஒன்றரை சதவீதத்துக்குப் பணம் கிடைக்கும்போது அவர் ஏன் அவசரப்படப் போகிறார்? தாமதமாக்கினால் நஷ்டம் என்று பயம் காட்டுவதற்காக எழுதப்படும் பிரிவு, நடைமுறையில் தாமதத்தை மலிவாக்கிவிடுகிறது. என் பார்வையில் இந்த வழக்கின் மையமே இதுதான்.

ஒருபக்கம் சாய்ந்த இத்தகைய ஒப்பந்தங்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் புதிதல்ல. 2019 ஏப்ரல் 2-இல் தீர்ப்பான பயனீர் அர்பன் வழக்கு, குருகிராம் 62-ஆவது செக்டாரில் அராயா என்ற திட்டத்தைப் பற்றியது. வாங்குபவர் 4 கோடியே 83 லட்சத்துக்கு மேல் கட்டியிருந்தார். அவர் தவணை தவறினால் 18 சதவீத வட்டி. பில்டர் தவறினால் 9 சதவீதம், அதுவும் பல நிபந்தனைகளுக்குப் பிறகு. புள்ளிக்கோட்டில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லாதவர் மீது சுமத்தப்படும் இத்தகைய பிரிவுகள் நியாயமற்ற வணிக நடைமுறை என்று நீதிபதிகள் யு.யு. லலித், இந்து மல்ஹோத்ரா அமர்வு சொன்னது. பணத்தை 10.7 சதவீத வட்டியோடு திருப்பித்தரச் சொன்ன ஆணையத்தின் உத்தரவு நின்றது.

அதற்கும் முன்னால், 2019 பிப்ரவரி 11-இல், பெங்களூருவைச் சேர்ந்த இன்னொரு வழக்கு: மந்திரி காஸில்ஸ். அங்கே ஒப்பந்தத்தில் இருந்தது சதுர அடிக்கு 3 ரூபாய். ஆணையம் அதைத் தாண்டி 6 சதவீத வட்டி கொடுத்தது, உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த அமர்விலும் சந்திரசூட் இருந்தார். இது நடந்து ஐந்தே மாதத்தில் அதே தேசிய ஆணையம் பேகூர்க்காரர்களை வெறுங்கையோடு அனுப்பியது என்பதுதான் ஆச்சரியம். ஆனால் பில்டர் தரப்பின் கையிலும் ஒரு தீர்ப்பு இருந்தது. 2019 மே மாதம் வந்த டிஎல்எஃப் பஞ்ச்குலா வழக்கு, ஒரே தாமதத்துக்குப் பல தலைப்புகளில் தனித்தனியாக இழப்பீடு கொடுக்கக்கூடாது என்றிருந்தது.

பேகூர் தீர்ப்பு இந்த முடிச்சை இப்படி அவிழ்த்தது: ஒப்பந்தத் தொகை என்பது உச்சவரம்பு அல்ல. சேவையில் குறைபாட்டால் ஏற்பட்ட இழப்புக்கு ஈடு வழங்கும் அதிகாரத்தை நுகர்வோர் சட்டம் மன்றத்துக்குத் தந்திருக்கிறது. இரு தரப்பும் சமமாகப் பேரம் பேசி எழுதாத ஒரு பிரிவு அந்த அதிகாரத்தைக் கட்டிப்போட முடியாது. வீடு கட்டித் தருவதும் 'சேவை'தான் என்பது 1993-லேயே லக்னோ மேம்பாட்டு ஆணைய வழக்கில் முடிவான விஷயம். ஒப்பந்தத் தொகை வெறும் பெயருக்குத்தான் இருக்கிறது என்றால், அதையும் தாண்டி மன்றம் பார்க்கலாம்.

சாவியா, வழக்கா?

இந்த வழக்கில் என்னை அதிகம் உறுத்தியது பணக் கணக்கு அல்ல, ஒப்படைப்பின்போது நடந்தது. வீடு கடைசியில் தயாரானதும், கிரயப் பத்திரம் பதிய வாருங்கள் என்று கடிதம் வந்தது. பல ஆண்டு காத்திருந்தவர்கள் கேட்டார்கள்: பத்திரம் பதிந்துகொள்கிறோம், ஆனால் தாமதத்துக்கான எங்கள் கோரிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை என்று எழுதிக் கொடுக்கலாமா? கிடைத்த பதில்களின் சாரம் 'கூடாது'. ஆட்சேபத்தோடு வந்தால் பதிவு இல்லை. உரிமை கேட்டு வழக்கு நடத்த வேண்டுமானால் நடத்துங்கள்; அதுவரை வீடும் கிடையாது, பத்திரமும் கிடையாது.

இதை எதிர்கொள்பவர் நிலையை நினைத்துப் பாருங்கள். ஏற்கெனவே மூன்று ஆண்டு இரட்டைச் செலவு செய்து களைத்தவர். வழக்கு இன்னும் ஐந்து ஆண்டு ஓடலாம். அவர் சாவியைத்தான் வாங்குவார். வாங்கிய பிறகு, 'நீங்கள்தான் எந்தக் குறையும் இல்லை என்று சொல்லி வாங்கிக்கொண்டீர்களே' என்பது பில்டரின் வாதமாக மாறிவிடும். ஆணையமும் அதை ஏற்றுக்கொண்டிருந்தது.

வழக்கில் காட்டப்பட்டவை நான்கே நான்கு கடிதங்கள். ஆனால் அவை பில்டரே அனுப்பியவை. அவை எங்கோ தனித்தனியாக நடந்த தவறுகள் என்று பில்டரும் வாதாடவில்லை. ஒரு வழக்கமான முறையே இப்படித்தான் இருந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. இழப்பீடு கேட்பதற்காக ஒருவர் தன் வீட்டின் பத்திரத்தைக் காலவரையின்றித் தள்ளிப்போட வேண்டும், அல்லது பத்திரத்துக்காக இழப்பீட்டை விட்டுவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது வெளிப்படையாகவே நியாயமற்றது என்று சொன்னது. கிரயப் பத்திரம் பதிந்தாலும் தாமத இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடாது. இன்றைக்குச் சென்னையிலோ கோவையிலோ ஒரு ஒப்படைப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தவிப்பவருக்கு, இந்தத் தீர்ப்பின் மிகவும் பயனுள்ள பகுதி இதுதான்.

ஒரு சிறு இடைச்செருகல்: நான்கு கடிதங்கள் வழக்கின் முக்கியமான ஒரு பாதியைத் திருப்பிப் போட்டன. அவை எழுத்தில் இருந்ததால்தான். விற்பனைப் பிரிவு ஆளிடம் தொலைபேசியில் கேட்டு, தொலைபேசியிலேயே பதில் வாங்கியிருந்தால் நீதிமன்றத்தில் காட்ட ஒன்றும் இருந்திருக்காது.

விளம்பரத் தாளில் இருந்த ஊர்

வீடு மட்டுமல்ல, சுற்றியுள்ள வசதிகளும் பாதியில் நின்றன. பள்ளி, கடைத்தொகுதி, மருத்துவ வசதி என்று விற்பனைக் கையேடு ஒரு குட்டி ஊரையே வரைந்து காட்டியிருந்தது. அவை வராதது பற்றிக் கேட்டபோது, அக்கம்பக்கத்தில் அப்படிப்பட்ட வசதிகள் இருக்கின்றனவே என்ற பதில் வந்தது. இதை நீதிமன்றம் ஏற்கவில்லை. பில்டர்கள் கனவை விற்கிறார்கள்; விற்று முடித்த பின், அந்த வசதியைக் கட்டுவது கட்டுப்படியாகவில்லை என்று ஒதுங்கிவிட முடியாது; சொன்னதைப் பதரென்று தள்ளிவிட முடியாது என்றது. இழப்பைத் துல்லியமாக ரூபாயில் அளப்பது கடினம் என்பதற்காக இழப்பீடே இல்லை என்று சொல்ல முடியாது என்பதும் அதன் கருத்து.

எல்லாவற்றிலும் வாங்கியவர்கள் ஜெயிக்கவில்லை. கார் நிறுத்தத்துக்குத் தனியாக வாங்கிய கட்டணம், கிளப் ஹவுஸ் கட்டணம், மின்சாரம், வரி தொடர்பான கோரிக்கைகள் தள்ளுபடியாயின. தாமதமும் வசதிகளும் மட்டுமே தேறின.

உத்தரவு என்ன சொன்னது?

ஒவ்வொருவரும் வீட்டுக்காகக் கட்டிய மொத்தத் தொகைக்கு ஆண்டுக்கு 6 சதவீத எளிய வட்டி. ஒப்பந்தத்திலிருந்து 36 மாதம் முடிந்த நாளில் தொடங்கும். கட்டடம் குடியிருக்கத் தகுதியானது என்று அதிகாரிகள் தரும் குடியேற்றச் சான்று கிடைத்த பிறகு ஒப்படைக்க அழைத்த நாளில் முடியும். ஏற்கெனவே தந்த சதுர அடிக்கு 5 ரூபாயைக் கழிக்கக்கூடாது. இது அதற்கும் மேல். ஒரு மாதத்தில் தராவிட்டால் அந்தத் தொகைக்கு 9 சதவீத வட்டி.

என் மாதிரிக் கணக்குக்குத் திரும்பினால், 60 லட்சத்துக்கு 6 சதவீதம் ஆண்டுக்கு 3,60,000. மாதம் 30,000. பழைய 7,500-ஐயும் சேர்த்தால் 37,500. முப்பது மாதத் தாமதத்துக்கு ஒப்பந்தம் கொடுத்திருக்கக்கூடியது 2,25,000, இப்போது 11,25,000.

'குடியேற்றச் சான்று கிடைத்த பிறகு' என்ற சொற்களைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சான்று வருவதற்கு முன்பே 'வீடு தயார், வந்து இன்டீரியர் வேலையைத் தொடங்கிக்கொள்ளுங்கள்' என்று கடிதம் அனுப்புவது இந்தத் தொழிலில் சகஜம். அன்றோடு தாமதக் கணக்கை நிறுத்திவிடலாம் என்பது நோக்கம். லிஃப்ட் ஓடாது, நிரந்தர மின் இணைப்பு இருக்காது, தண்ணீர் லாரியில் வரும். ஆனால் காகிதத்தில் ஒப்படைப்பு முடிந்துவிட்டிருக்கும். அந்தக் கணக்கு செல்லாது. நிறைவுச் சான்றும் தீயணைப்பு அனுமதியும் இல்லாமல் வரும் அழைப்பு சரியான ஒப்படைப்பு அழைப்பே அல்ல என்று ஆக்ரா மேம்பாட்டு ஆணையம் தொடர்பான வழக்கில் 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சான்றில்லாத வீட்டில் வாழ்வதன் விலை என்ன என்பதை மும்பையின் சம்ருத்தி குடியிருப்பு வழக்கு காட்டுகிறது. 1997-இல் குடியேறியவர்கள், சான்று இல்லாத ஒரே காரணத்தால் சொத்து வரியை 25 சதவீதமும் தண்ணீர்க் கட்டணத்தை 50 சதவீதமும் கூடுதலாகக் கட்டி வந்தார்கள். சான்று வாங்கித் தராதது தொடர்ந்துகொண்டே இருக்கும் குறைபாடு, ஆகவே காலம் கடந்துவிட்டது என்று புகாரைத் தள்ள முடியாது என்று 2022 ஜனவரியில் தீர்ப்பு வந்தது.

சரி, பேகூர்க்காரர்களுக்கு 6 சதவீதம் போதுமா? போதாது என்றே நினைக்கிறேன். வீட்டுக் கடனுக்கு அதைவிடக் கூடுதலாகத்தான் அவர்கள் வங்கிக்குக் கட்டியிருப்பார்கள். வாடகையைத் தனியாகக் கணக்கில் எடுக்கவில்லை. தாமதத்துக்கும் வசதிக் குறைவுக்கும் சேர்த்து ஒரே விகிதம். வீட்டு விலை ஏறியதால் வாங்கியவர்களுக்கும் லாபம்தானே என்ற எண்ணம் தீர்ப்பின் பின்னணியில் ஓடுகிறது. குடியிருக்க வாங்கியவருக்கு விலை ஏறினால் என்ன லாபம்? விற்றால்தானே பணம்! அதே 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த கேப்பிட்டல் கிரீன்ஸ் தீர்ப்பு இதை நன்றாகச் சொன்னது: உண்மையாக வீடு வாங்க வந்தவருக்கு வேண்டியது தலைக்கு மேல் ஒரு கூரை; பணத்தை வாங்கிக்கொண்டு போகலாம் என்று பில்டர் சொன்னதை ஏற்கவில்லை என்பதற்காக அவர் இழப்பீட்டை இழக்க மாட்டார்.

இந்த வழக்கு ரேரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் வழியாக வந்திருந்தால் விகிதம் வேறாக இருந்திருக்கும். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, வீட்டை விடாமல் காத்திருப்பவருக்கு ஒப்படைக்கும் வரை ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் வட்டி தரச் சொல்கிறது. தமிழ்நாடு, கர்நாடகா உட்படப் பல மாநில விதிகளில் அது ஸ்டேட் வங்கியின் எம்சிஎல்ஆர் என்ற அடிப்படைக் கடன் வட்டி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம். வாங்குபவர் தவறினாலும் பில்டர் தவறினாலும் ஒரே விகிதம்தான் என்றும் சட்டம் சொல்கிறது. 18-க்கு 9 என்ற பழைய விளையாட்டு அங்கே நடக்காது. நுகர்வோர் மன்றமா, ரேராவா என்பதை வாங்கியவரே தேர்ந்தெடுக்கலாம் என்று 2020 நவம்பரில் இம்பீரியா வழக்கில் முடிவானது.

339 பேரிலும் சிலருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பில்டரோடு தனியாகச் சமரசம் செய்துகொண்டவர்கள் பதினோரு பேர். ஒப்பந்த உரிமையை வேறொருவருக்கு விற்றுவிட்டவர்கள் மூன்று பேர். இந்தப் பதினான்கு பேரையும் உத்தரவு வெளியே நிறுத்தியது. சாவிக்காகக் கட்டாயத்தின் பேரில் போட்ட கையெழுத்தும், ஒரு தொகையை வாங்கிக்கொண்டு முடித்துக்கொண்ட சமரசமும் வேறு வேறு என்பது இதில் தெரிகிறது. முதலில் வாங்கியவரிடமிருந்து இடையில் வாங்கியவருக்கும் அவருக்கு இருந்த அதே உரிமை உண்டு என்பதை 2021 ஜூலையில் லாரியேட் வழக்கு தெளிவாக்கியது.

அப்புறம், சொந்தமாக வாங்காமல் புதுக் கட்டடத்தில் வாடகைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள். ரேராவின் கதவு இவர்களுக்கு இல்லை. வீடு ஒதுக்கீடு பெற்றவர் என்ற வரையறையிலிருந்தே வாடகைக்கு எடுத்தவரைச் சட்டம் வெளிப்படையாக விலக்கியிருக்கிறது. இவர்களுடைய வழக்கு பில்டரோடு அல்ல, வீட்டு உரிமையாளரோடு. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, வாடகைதாரர் கேட்டால் வீட்டை அவர் வசம் ஒப்படைக்கும் கடமை உரிமையாளருக்கு உண்டு என்கிறது. இதற்கு மாறாக ஒப்பந்தத்தில் எழுதியிருக்காதவரை அது பொருந்தும். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் அட்வான்ஸுக்கு மூன்று மாத வாடகையை அளவாகச் சொன்னாலும், சென்னையில் பத்து மாதம் கேட்கும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. கட்டட வேலை முடியாத வீட்டுக்கு அந்தப் பத்து மாதத்தைத் தூக்கிக் கொடுத்தவர் கையில் பெரும்பாலும் இருப்பது ஒரு டோக்கன் ரசீதும் புரோக்கரின் செல்பேசி எண்ணும்தான். குடியேறும் தேதியும், அந்தத் தேதி தவறினால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வரும் என்பதும் இரண்டு வரியில் எழுதப்பட்டிருந்தால் வழக்கு அங்கிருந்து தொடங்கலாம். பேகூர்க்காரர்களுக்காவது 36 மாதம் என்று ஒரு வரி இருந்தது.